கொழும்பின் உண்டிச்சாலைகள்

ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் கோட்டை கொத்தளங்களையும் கல்வெட்டுக்களையும் பழைய ஆவணங்களையும் நாடிச் செல்வது வழக்கம். அது முறையே. ஆயினும், அந்நகரத்து மக்கள் எங்கே அமர்ந்தார்கள், யாருடன் அமர்ந்தார்கள், எதை உண்டார்கள் என்பனவும் வரலாற்று வினாக்களேயாம். கொழும்பு மாநகரைப் பொறுத்தவரை இவ்வினாக்களுக்கு விடை கூறும் சாட்சிகள் அதன் உண்டிச்சாலைகள். அவற்றுட் சிலவற்றைப் பற்றிய செய்திகளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

உலகப் பெருநகரங்களில் அண்மைக் காலத்தில் ஒரு புதிய மோகம் பரவியிருக்கின்றது. உணவோடு ஒரு விந்தையையும் சேர்த்துப் பரிமாறும் மோகம் அது. தாய்வான் நாட்டின் தைப்பே நகரிலே, கழிப்பறைக் கலங்களைப் போன்ற இருக்கைகளில் விருந்தினரை அமர்த்தி உணவு வழங்கும் சாலையொன்று உண்டு. இந்தியாவின் அகமதாபாத் நகரிலே, 'லக்கி' என்னும் தேநீர்ச்சாலையில் பழைய கல்லறைகளுக்கு நடுவே மேசைகள் போடப்பட்டிருக்கின்றன. ஓவியர் எம். எஃப். ஹுசைன் அங்கே தேநீர் அருந்துவதில் விருப்புற்றுத் தம் ஓவியமொன்றை அச்சாலைக்கு வழங்கினார். முன்னையது வாடிக்கையாளரைக் கவர்வதற்கெனப் புனையப்பட்ட விந்தை; பின்னையது அந்த இடமே தந்த விந்தை. கொழும்பின் விந்தைகள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

துறைமுகத்திலிருந்து தொடங்குவோம். 1869 ஆம் ஆண்டில் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கீழைத்தேசங்களுக்குச் செல்லும் கப்பல்களின் பாதை மாறியது. 1875 இல் கொழும்புத் துறைமுக அலைதடுப்பணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டில், படைவீரர் குடியிருப்பாக இருந்த கட்டடமொன்று 'கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல்' என்னும் பெயருடன் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. 1890 இல் இரஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ் இங்கே தங்கினார். இதன் நான்காம் மாடி உணவுக்கூடத்தில் அமர்ந்தால், துறைமுகம் முழுவதும் ஒரு படம் போலக் கண்முன்னே விரியும். காலிமுகத்திடலின் தென்கோடியில் 1864 முதல் நிலைபெற்றிருக்கும் காலிமுக ஹோட்டலும், கோட்டைப் பகுதியில் 1884 இல் தொடங்கப்பட்ட 'பகோடா' தேநீர்ச்சாலையும் இக்காலத்தின் பிள்ளைகளே. பிற்காலத்தில், 1980களின் தொடக்கத்தில், 'டுரான் டுரான்' என்னும் ஆங்கிலப் பாடகர் குழு தன் பாடற்படமொன்றின் காட்சிகளை அத்தேநீர்ச்சாலையில் எடுத்தது.

இவை கப்பலில் வந்திறங்கியோரின் உண்டிச்சாலைகள். கப்பலில் வந்த மூட்டைகளை இறக்கியோர் எங்கே உண்டனர்? கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, செட்டியார் தெரு ஆகிய பகுதிகளுக்கு நாம் செல்ல வேண்டியது இவ்விடத்திலேதான். துறைமுகத் தொழிலாளரும், தென்னிந்தியாவிலிருந்து வந்த வணிகரும், கணக்கப்பிள்ளைமாரும் நெருங்கி வாழ்ந்த பகுதிகள் இவை. மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தோர் பலர். அவர்களுக்கு வீட்டு அடுப்பு இல்லை. ஆகவே கடை அடுப்பு வேண்டியதாயிற்று. சைவக் கடை என்று நாம் வழங்கும் உண்டிச்சாலை இத்தேவையிற் பிறந்தது.

வெள்ளவத்தையின் கதை சற்று வேறானது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே எழுந்த நூல் நெசவு ஆலை இந்தியத் தொழிலாளரை அங்கு கொணர்ந்தது. 1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை நிறைவுற்றபின், யாழ்ப்பாணத்து இளைஞர்கள் அரசாங்க எழுதுவினைஞர்களாகத் தலைநகருக்கு வரத் தொடங்கினர். பலர் ஒன்றுகூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து வாழும் 'சம்மரி' வாழ்க்கை அவர்களுடையது. காலையில் இடியப்பமும் சொதியும், மாலையில் தோசையும் சம்பலும் தேடி அவர்கள் காலி வீதிக்கு வந்தனர். இருவேறு திசைகளிலிருந்து வந்த இரு கூட்டத்தாரையும் ஒரே கூரையின் கீழ் இருத்திய பெருமை சைவக் கடைக்கு உரியது.

வேல் விழாவும் இவ்விரு பகுதிகளையும் இணைத்தது. நகரத்தார் பெருமக்கள் 19 ஆம் நூற்றாண்டிலே தொடங்கிய இவ்விழாவில், செட்டியார் தெருக் கோயில்களிலிருந்து புறப்படும் வேல் இரதம் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பகுதிகளை நோக்கி வரும். வீதியின் இரு மருங்கிலும் கரும்பும் கச்சானும் இனிப்பும் விற்போர் நிறைந்திருப்பர். இன மத வேறுபாடின்றிக் கொழும்பு மக்கள் அனைவரும் கூடி உண்ட திறந்தவெளி உண்டிச்சாலை என்றே அவ்விழா வீதியைக் கூறலாம்.

சைவக் கடையின் நடைமுறையில் வெளிநாட்டார் வியக்கும் விந்தையொன்று உண்டு. நாம் அமர்ந்ததும், கேளாமலே ஒரு தட்டு வந்து மேசையிலே அமரும். அதில் உழுந்து வடை, கடலை வடை, போண்டா, வாய்ப்பன், சூசியம் எனப் பலவும் குவிந்திருக்கும். வேண்டியதை உண்ணலாம், வேண்டாததை விட்டுவிடலாம். இறுதியில் பரிசாரகர் தட்டை ஒருமுறை நோக்குவார். குறைந்தது எத்தனை என்று மனத்திற்குள்ளே கணக்கிட்டுத் தொகையைக் கூறுவார். எழுத்தில்லை, சீட்டில்லை, நம்பிக்கையே கணக்கேடு. முஸ்லிம்களின் கடைகளிலும் சிங்களவரின் கடைகளிலும் இம்முறையே வழங்குகின்றது. அங்கே தட்டில் இருப்பவை ரோல்ஸும் கட்லட்டும். 'ஹோட்டல்' என்று பலகை தொங்கும். ஆனால் உறங்க ஒரு கட்டிலும் இராது. இதுவும் நம் நாட்டிலுள்ள ஒரு சொல் வழக்கு.

இனி, சிரிப்புக்குரியதல்லாத ஒரு செய்திக்கு வருவோம். யாருடன் அமர்ந்து உண்டார்கள் என்று தொடக்கத்திலே கேட்டோம் அல்லவா? வடபகுதியின் தேநீர்க் கடைகளில் எல்லாரும் ஒரே வாங்கில் அமர்ந்துவிட முடியாத காலம் ஒன்று இருந்தது. சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோர் வெளியே நின்று, தனிக் குவளையிலோ சிரட்டையிலோ தேநீர் வாங்கி அருந்த வேண்டியிருந்தது. 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சமபந்திப் போசனங்களை நடத்தி இக்கொடுமையை எதிர்த்தது. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், உணவுக் கடைகளில் சாதி காரணமாக ஒருவரை விலக்குவதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தபின்னும் கதவுகள் எளிதில் திறந்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தைத் தொடர்ந்து, கோயில்களிலும் தேநீர்க் கடைகளிலும் நுழையும் உரிமைக்காகப் பல ஆண்டுப் போராட்டம் நடைபெற்றது.

இப்பின்னணியில் வைத்து நோக்கும்போதுதான் தலைநகரத்துச் சைவக் கடையின் பெறுமதி விளங்கும். இங்கே பரிசாரகர் ஊரையும் பேரையும் விசாரிப்பதில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் யாரென்று அறிய வழியுமில்லை. பெருநகரம் மனிதனைத் தனியனாக்குகின்றது என்று குறை கூறுவோர் உண்டு. ஆனால் ஊரிலே அடையாளம் சுமையாக இருந்த ஒருவனுக்கு, தன்னை யாரும் அறியாத ஒரு மேசை எத்தகைய விடுதலை! கொழும்பில் சாதி மறைந்துவிட்டது என்று நான் கூறவில்லை. வடை தட்டுக்கு முன்னால் அது சற்றே வாய் மூடி நின்றது என்பதே என் கருத்து.

சைவக் கடையின் வாடிக்கையாளர் தமிழர் மட்டுமல்லர். 'தோசே கடே' என்று சிங்கள மக்கள் அன்போடு அழைத்து அங்கே வந்தனர். வடை 'வடே' ஆகி அவர்கள் மொழியிலும் இடம்பெற்றது. ஆயினும், 1983 யூலையில் அந்த அன்பு கடைகளைக் காக்க இயலாமற் போயிற்று. யூலை 24 இரவு பொரளையில் மூண்ட தீ, மறுநாள் நகரெங்கும் பரவியது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் புறக்கோட்டையிலும் தமிழர் கடைகள் வரிசை வரிசையாக எரிந்தன. உண்டிச்சாலைகளும் தப்பவில்லை. அயலவரான சிங்கள, முஸ்லிம் மக்கள் பலர் தமிழரைத் தம் வீடுகளில் ஒளித்துக் காத்தனர் என்பதையும் மறத்தலாகாது. எரிந்த இடங்களிற் பல மீண்டும் எழுந்தன. போர்க்காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் இடம்பெயர்ந்தோர் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் நாடி வந்தனர். 'லொட்ஜ்' எனப்படும் விடுதிகளில் தங்கினர். 2007 யூன் 7 ஆம் நாள் விடியற்காலையில் அவ்விடுதிகளிலிருந்து ஏறத்தாழ 375 தமிழர் பேருந்துகளில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலைத் தடுத்து இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஓர் உண்டிச்சாலையில் அச்சமின்றி அமர்ந்து உண்பது, நாம் எண்ணுவது போல அத்தனை எளிய காரியமன்று.

கொழும்பின் ஏனைய சமூகத்தாரும் தத்தம் வரலாற்றை உணவாக்கி வைத்திருக்கின்றனர். ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர், சோற்றையும் கறிகளையும் வாழையிலையிற் பொதிந்து சூளையிலிட்டு எடுக்கும் 'லம்ப்ரைஸ்' என்னும் உணவை நமக்குத் தந்தனர். 1908 இல் நிறுவப்பெற்ற ஒல்லாந்த பறங்கியர் சங்கத்தின் கட்டடத்திலேயே, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரையெழுத்துக்களைப் பெயராகக் கொண்ட சிற்றுண்டிச்சாலையில் அதனை உண்ணலாம். 1859 இல் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் அமைத்த காலிமுகத்திடலிலோ, வடையின் நெற்றியில் முழு இறாலைப் பதித்துப் பொரிக்கும் 'இசோ வடே' மாலைக் கடற்காற்றோடு கிடைக்கும். சைவ வடை கடலைக் கண்டதும் விரதத்தை முறித்துக்கொண்டது போலும்! முஸ்லிம் உணவகங்களில், இரும்புத் தட்டிலே இரு தகடுகள் தாளமிட ரொட்டியைக் கொத்தும் ஓசை நள்ளிரவிலும் கேட்கும்.

புதியவற்றுள் இரண்டைக் குறிப்பிட வேண்டும். கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் ஆசுபத்திரி 17 ஆம் நூற்றாண்டிலே எழுந்தது. 1681 இல் அது இருந்தமைக்குச் சான்று உண்டு. கப்பலோட்டிகளின் நோய் தீர்த்த அக்கட்டடம் பிற்காலத்தில் பொலிஸ் நிலையமாயிற்று. 1996 சனவரி 31 இல் மத்திய வங்கியின் மீது நடந்த குண்டுத் தாக்குதலில் சேதமுற்றது. 2011 இல் புதுப்பிக்கப்பட்டு, உண்டிச்சாலைகளும் கடைகளும் நிறைந்த முற்றமாகத் திறக்கப்பட்டது. அங்கேதான், சமையற்கலைஞர் தர்சன் முனிதாசவும், கிரிக்கெட் வீரர்களான மகேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் சேர்ந்து நண்டுக்கென ஓர் 'அமைச்சு' அமைத்தனர். நம் களப்பு நண்டுகளுட் சிறந்தவை சிங்கப்பூருக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த நிலையில், அவற்றை உள்ளூரிலே உண்ணச் செய்வதே நோக்கம். அரை கிலோ முதல் இரண்டு கிலோ வரை நிறைக்கேற்பப் பெயர் சூட்டி விற்கின்றனர். விலை எளியோர்க்கு எட்டாதது. கருத்து மட்டும் எல்லார்க்கும் எட்டும். மற்றையது, சுதந்திர சதுக்கத்தருகே உள்ள பழைய மனநோய் விடுதிக் கட்டடம். கணக்காய்வாளர் நாயகத்தின் அலுவலகமாகவும் இருந்து, 2014 இல் அங்காடியாகவும் உணவுக்கூடமாகவும் மாறியது. நோயாளர் உலாவிய தாழ்வாரங்களில் இன்று குழந்தைகள் ஐஸ்கிறீம் உண்கின்றனர்.

கொழும்பிலிருந்து வெளியே சென்ற விந்தையும் உண்டு. இளமையைக் கொழும்பிற் கழித்த ஏ. எம். புஹாரி 1951 இல் சென்னை மவுண்ட் ரோட்டில் தம் பெயரால் நிறுவிய உணவகம் அந்நகரத்தின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று.

நேயர்களே, 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. வெளிநாடுகளிற் குடியேறிய நம்மவர் விடுமுறைக்கு வந்து, வெள்ளவத்தைக் கடைகளில் தம் பிள்ளைகளுக்குத் தோசையை அறிமுகம் செய்து வைக்கின்றனர். அப்பிள்ளைகள் நண்டு அமைச்சையும் காணட்டும். துறைமுகக் காட்சி மாடத்தையும் காணட்டும். ஆனால் கொட்டாஞ்சேனையின் ஒரு பழைய கடைக்கும் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். தட்டு வந்து அமர்ந்ததும், எத்தனை உண்டோம் என்பதைப் பரிசாரகர் எவ்வாறு அறிகிறார் என்று அவர்கள் கேட்பார்கள். நம்மை நம்பித்தான் அறிகிறார் என்று கூறுங்கள். அந்த நம்பிக்கை எரிந்தும் எழுந்தும் வந்தது என்பதையும், அவர்கள் சற்று வளர்ந்தபின் கூறுங்கள்.