காணாத உடலுக்கு ஒரு பாவாடை: ஹவுரா மங்களா ஹாட்டும் பொருத்தத்தின் வரலாறும்

ஹவுரா மைதானத்தை அடுத்த மங்களா ஹாட், கிழக்கிந்தியாவின் முதன்மையான ஆயத்த ஆடைச் சந்தைகளுள் ஒன்று. செவ்வாயைக் குறிக்கும் வங்கச் சொல்லால் பெயர்பெற்ற இச்சந்தை, இன்று திங்களும் செவ்வாயும் கூடுகிறது. அங்கு மொத்த விலைக்குப் போகும் பாவாடைகள், அணியப்போகிறவரைக் காணாமலேயே தைக்கப்பட்டவை. முகமறியா உடலுக்கு ஆடை எவ்வாறு பொருந்துகிறது என்பது தொழில்நுட்ப வரலாற்றின் கேள்வி; அத்தொழில்நுட்பம் யாருடையது என்பது சமூக வரலாற்றின் கேள்வி.

கைப்பின்னலில் பொருத்தம் என்பது கணக்கு. 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணிகள் விழுமானால், 90 செ.மீ. புட்டச் சுற்றளவுக்கு 198 கண்ணிகளும் 70 செ.மீ. இடைக்கு 154 கண்ணிகளும் தேவை. இடையிலுள்ள 66 வரிசைகளில், ஆறு வரிசைக்கு ஒருமுறை நான்கு கண்ணிகளாகப் பதினொரு முறை குறைத்தால் பாவாடை உடலின் வளைவைப் பெறும். அதே குறிப்பை, 10 செ.மீ.க்கு 20 கண்ணிகள் விழும்படி தளர்வாகப் பின்னுபவர் மாற்றாமல் பின்பற்றினால், 90 செ.மீ. 99 ஆகிவிடும், பாவாடை இடையில் நில்லாது. ஆகவே எந்தக் குறிப்பும், பின்னும் கைக்கும் அணியும் உடலுக்கும் ஏற்பத் திருத்தப்பட வேண்டியதாகிறது.

1589இல் வில்லியம் லீ இங்கிலாந்தில் உருவாக்கிய பின்னல் சட்டகம் இக்கணக்கை இயந்திரத்துக்குக் கொண்டுசென்றது. அதில் கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் காலுறைக்கு வடிவம் தர முடிந்தது. 1816இல் மார்க் புருனெல் காப்புரிமை பெற்ற வட்டப் பின்னல் இயந்திரமோ குழாய் வடிவத் துணியை விரைந்து தந்தது. வேகம் கூடியது, வடிவமைக்கும் திறன் குறைந்தது. அக்குறையை ஈடுசெய்தவை இரண்டு: பின்னல் துணியின் நெகிழ்வு, வெட்டுபவரின் கை.

இந்தியாவின் முதல் பின்னலாடை ஆலை 1893இல் கல்கத்தாவின் கிதிர்பூரில் தொடங்கியதாகத் தொழில் வரலாறுகள் குறிப்பிடுகின்றன. திருப்பூரின் பனியன் தொழில் 1925 அளவில் வேர்கொண்டபோது, அதற்கு முன்மாதிரியாக இருந்ததும் கல்கத்தாவே. இந்த ஆண்டுகள் இயந்திரத்தின் வருகையைச் சொல்கின்றன. வெட்டுபவரின் கைக்கு அத்தகைய தொடக்க ஆண்டு எதுவும் குறிக்கப்படவில்லை.

அந்தக் கையைக் காணக் கிதிர்பூரை அடுத்த மேட்டியாபுருஜுக்குச் செல்ல வேண்டும். 1856இல் ஆங்கிலேயர் அயோத்தியைக் கைப்பற்றியபின் நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தாவுக்கு வந்து, 1887இல் இறக்கும்வரை இங்கு வாழ்ந்தார். அவருடன் வந்த தையற்காரர்களிடமிருந்தே இங்குள்ள தொழில் பிறந்ததென்பது ஊர் மரபு. அரசவைத் தையல் ஓர் உடலை அளந்து வெட்டியது. சந்தைத் தையல் ஆயிரம் உடல்களை ஊகித்து வெட்டுகிறது. 'ஒஸ்தாகர்' எனப்படும் தலைமைத் தையற்காரர் பல அடுக்குத் துணியை ஒருசேர வெட்டுவித்து, வீடுகளிலும் சிறு கூடங்களிலும் தைக்கக் கொடுக்கிறார். நூலிழையால் நெய்த துணி பின்னலைப்போல் நெகிழாது. வெட்டில் நேரும் பிழையைத் துணி மன்னிக்காது.

இவ்வூகம் எளிய விகிதக் கணக்கன்று. நான்கு வயதுச் சிறுமி எட்டு வயதை எட்டுகையில் உயரம் ஏறத்தாழ 25 செ.மீ. கூடும், இடையோ சில செ.மீ. மட்டுமே பெருக்கும். பாவாடையை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் நீளம் போதாது, அல்லது இடை தொளதொளக்கும். எந்த அளவை எவ்வளவு கூட்டுவது, இடைப்பட்டியில் எவ்வளவு சுருக்கம் விடுவது என்பன தலைமுறைகளாகக் கண்டு கற்ற அறிவு. பின்னல் குறிப்பைத் திருத்துபவரின் கணக்கும் இதுவே. ஒன்று ஏட்டில் நிற்கிறது, மற்றொன்று கையில் நிற்கிறது.

கையில் நிற்கும் அறிவு எளிதில் அழியக்கூடியது. 1987இல் மங்களா ஹாட் தீக்கிரையானது. எரிந்த பகுதிக்கு 'போடா ஹாட்', அதாவது எரிந்த சந்தை, என்றே பெயர் நிலைத்தது. 2023 ஜூலையில் அங்கே மீண்டும் தீ பரவி நூற்றுக்கணக்கான கடைகள் எரிந்தன. எரிந்த சரக்குக்கு விலை சொல்ல முடியும். கடையை இழந்தவர் தொழிலை விட்டகலும்போது அவருடன் போகும் வெட்டுமுறைக்கு எந்தக் கணக்கேட்டிலும் இடமில்லை. இயந்திரத்தின் ஆண்டைப் பதிந்த தொழில் வரலாறு, அதன் குறையைத் தன் கையால் நிரப்பியவரையும் தொழில்நுட்பத்தின் ஆக்குநராகப் பதிய வேண்டும். ஒஸ்தாகர்களும் அவர்களுக்குத் தைப்பவர்களும் வாழும்போதே அவர்களின் அளவு முறைகளை அவர்கள் சொல்லக் கேட்டு எழுதுவதே அதற்கான முதற்படி.