ஐந்து தடைகளும் பத்து ஆண்டுகளும்



கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் எழுத்தொலியை அளக்கும் மாத்திரையாக நம் இலக்கண ஆசிரியர் வகுத்தனர். அந்த மாத்திரையையும் பல கூறாகப் பகுத்து வெற்றி தோல்வியைத் தீர்க்கவேண்டிய போட்டி ஒன்று உண்டு. உள்ளரங்க மெய்வல்லுநர் போட்டிகளில் ஆடவர் ஓடும் 60 மீற்றர்த் தடைதாண்டி ஓட்டமே அது.

திறந்த வெளியில் 110 மீற்றரும் பத்துத் தடைகளும். கூரையின்கீழ் 60 மீற்றரும் ஐந்து தடைகளும். தடையின் உயரம் ஈரிடத்தும் 106.7 சென்ரிமீற்றரே. முதல் தடைக்கு 13.72 மீற்றர், பின்னர்த் தடைக்குத் தடை 9.14 மீற்றர். இவ்வெண்கள் ஏன் இப்படி ஒழுங்கின்றிக் கிடக்கின்றன என்று மாணவர் வினவுவதுண்டு. பதினைந்து யார், பத்து யார், மூன்றரை அடி என ஆங்கிலேயர் வகுத்த பழைய அளவுகளே மீற்றர் உடையணிந்து நிற்கின்றன. ஐந்தாம் தடைக்கு அப்பால் எஞ்சுவது 9.72 மீற்றர். இடையில் கால் இடறியவன் இழந்ததை மீட்க அது போதாது.

இவ்வோட்டத்தின் வரலாற்றில் கொலின் ஜக்சனின் கதை தனியானது. யமேக்காவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில், வேல்ஸ் நாட்டுக் காடிவ் நகரில் 1967இல் பிறந்தவர் அவர். அவரைப் பயிற்றியவர் மல்கம் ஆர்னல்ட். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற உகண்டா வீரர் ஜோன் அக்கீ-புவாவின் ஆசிரியரும் அவரே.

1989இல் புடாபெஸ்ற் நகரில் நடைபெற்ற உலக உள்ளரங்கப் போட்டியில், அமெரிக்கரான ரோஜர் கிங்டம் 7.43 செக்கனில் ஓடினார், ஜக்சன் 7.45. முந்திய ஆண்டு சியோல் ஒலிம்பிக்கிலும் கிங்டத்தின் பின்னேதான் அவர் வந்திருந்தார். 1993இல் ரொறன்ரோவில் அவரை வென்றவர் கனடாவின் மார்க் மக்கோய். அவர் பகைவரல்லர், ஜக்சனோடு ஒரே ஆசிரியரிடம் பயின்ற நண்பர். நேரங்கள் 7.41, 7.43. 1997இல் பாரிசில் கியூபாவின் அனியர் கார்சியா 7.48, ஜக்சன் 7.49. மூன்று வெள்ளிகள். தோல்விகள் மூன்றையும் ஒருங்கே கூட்டினும் 0.05 செக்கனைத் தாண்டவில்லை!

இவற்றின் நடுவே, 1994 மார்ச் 6ஆந் திகதி, ஜேர்மனியின் சின்டெல்ஃபிங்கனில் அவர் 7.30 செக்கனில் ஓடி உலக சாதனை நிலைநாட்டினார். திறந்தவெளி 110 மீற்றரிலும் 1993இல் ஸ்ருட்காட்டில் ஓடிய 12.91 செக்கன் உலக சாதனையாயிருந்தது. ஆக, உலகில் எவரினும் விரைந்து ஓடியவர் உள்ளரங்க உலகப் பட்டமின்றி இருந்தார். சாதனையை எந்நாளிலும் படைக்கலாம். பட்டமோ குறித்த நாளில், குறித்த வேளையில் பெறவேண்டியது. இறுதிக் கோட்டில் மார்பை முன்தள்ளிச் சாய்வதில் அவருக்கு நிகரானோர் அரியர் என்பதும் நினைக்கத்தக்கது. அத்திறனுடையவரே நூலிழையில் தோற்றார். அதிட்டமற்றவர் என்று சிலர் இரங்குவர். அது எனக்கு உடன்பாடன்று. இம்மூன்று போட்டிகளிலும் எவரும் அவரைத் தெளிவான இடைவெளியில் வெல்ல இயலவில்லை என்பதையே இவ்வெண்கள் கூறுகின்றன.

1999 மார்ச் மாதம், ஜப்பானிய நகரான மயபாஷியில், தம் முப்பத்திரண்டாம் வயதில் அவர் மீண்டும் இறுதியோட்டத்திற்கு வந்தார். அமெரிக்கரான ரெஜி ரோறியன் 7.40 செக்கனில் கோட்டைக் கடந்தார். ஜக்சன் 7.38. புடாபெஸ்றில் தோற்ற அதே இரண்டு நூற்றுக்கூறுகளால், பத்து ஆண்டு கழித்துத் தங்கம் வந்தது. அவ்வாண்டே செவில் நகரில் திறந்தவெளி உலகப் பட்டத்தையும் அவர் வென்றார். 2003இல் பேர்மிங்ஹாம் உள்ளரங்கில் இறுதியாக ஓடி விடைபெற்றார்.

சின்டெல்ஃபிங்கன் சாதனை ஏறத்தாழ 27 ஆண்டுகள் நின்றது. 2021 பெப்ரவரியில் மட்ரிட் நகரில் அமெரிக்கரான கிராண்ட் ஹொலோவே அதனை முறியடித்தபோது, கடிகாரம் காட்டிய நேரம் 7.29 செக்கன்.