பத்தாவது கோல்: பெஸ்காரா ஆட்டமும் ஒரு பாடபேதமும்

ஒலிம்பிக் கால்பந்தில் இந்திய ஆண்கள் அணி ஆடியவை 8 ஆட்டங்கள். அடித்தவை 10 கோல்கள். 1948 லண்டனில் ஒன்று, 1952 ஹெல்சிங்கியில் ஒன்று, 1956 மெல்போர்னில் ஐந்து, 1960 ரோமில் மூன்று. அதன்பின் அணி தகுதிச் சுற்றைத் தாண்டவே இல்லை. இந்தப் பத்தில் ஒன்பது கோல்களை அடித்தவர் யார் என்பதில் வழக்கு இல்லை. இல்ஃபோர்டு மைதானத்தில் 1948 ஜூலை 31 அன்று பிரான்சுக்கு எதிராக சாரங்கபாணி ராமன் அடித்தது முதல் கோல். யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்ற 1952 ஆட்டத்தின் ஒரே கோல் அகமது கானுடையது. மெல்போர்னில் நெவில் டிசோசா நான்கு, கிட்டு ஒன்று. ரோமில் ஹங்கேரிக்கு எதிராக துளசிதாஸ் பலராம், பிரான்சுக்கு எதிராக பி.கே. பானர்ஜி. எஞ்சுவது 1960 செப்டம்பர் 1 அன்று பெஸ்காரா நகரில் பெருவுக்கு எதிராக விழுந்த பத்தாவது கோல். 1-3 என்று தோற்ற அந்த ஆட்டத்தின் ஒற்றைக் கோலுக்கு இரண்டு பெயர்கள் புழக்கத்தில் உள்ளன. ஆட்டப் புள்ளிவிவரத் தொகுப்புகள் பலராம் என்கின்றன. நாளிதழ்க் கட்டுரைகளும் வாழ்க்கைக் குறிப்புகளும் சைமன் சுந்தரராஜ் என்கின்றன. ‘ஒலிம்பிக்கில் கடைசியாகக் கோல் அடித்த இந்தியர்’ என்ற அடைமொழி பல பத்தாண்டுகளாக அவர் பெயரோடு ஒட்டியிருக்கிறது.

தொகுப்பாளர்களின் வாசிப்பை அதன் முழு வலுவோடு எடுத்துவைப்பதே முறை. அவர்கள் சொல்வது இது: ஆட்டத்தின் நாள், களம், கோல் கணக்கு, கோல் அடித்தவர் பெயர் ஆகிய நான்கும் ஒரே வரியில் வரும் பட்டியலே ஆவணம்; அடைமொழி ஆவணம் ஆகாது. பலராம் முதல் ஆட்டத்திலேயே ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டவர், நல்ல ஆட்டத்தில் இருந்தவர். எத்தனையோ தொகுப்புகள் ஒன்றுபோல அவர் பெயரையே தருகின்றன. சுந்தரராஜ் பெயர் வருவதோ ஆட்ட விவரம் இல்லாத பாராட்டுக் கட்டுரைகளில். ஆகவே பின்னது நினைவுப் பிசகு, முன்னது உண்மை, விவகாரம் முடிந்தது என்பது அவர்கள் தீர்ப்பு. பார்த்தவுடன் சரி என்று படும் வாசிப்புதான். நான் மறுப்பது அந்தக் கடைசிச் சொற்களை, அதாவது விவகாரம் முடிந்தது என்பதை. பலராம் பெயர் பிழை என்று நிறுவுவது என் நோக்கமல்ல. சுந்தரராஜ் பெயரை அடித்துவிடும் அளவுக்கு இந்த வாதத்தில் பலம் இல்லை என்பதே என் வாதம்.

முதலில் ‘எத்தனையோ தொகுப்புகள்’ என்ற எண்ணிக்கை வாதம். சுவடிப் பதிப்பில் பழகியவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். ஓர் ஏட்டைப் பார்த்து எழுதிய இருபது ஏடுகள் இருபது சாட்சிகள் ஆவதில்லை; மூல ஏட்டில் இருந்த பிழை இருபதிலும் இருக்கும். இதைக் கண்ணால் காட்ட அருப்புக்கோட்டை வட்டாரத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. திருச்சுழியை ஒட்டிய பள்ளிமடம் கோயிலில் பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் வீரபாண்டியன் ‘சோழன் தலைகொண்ட’ என்ற பட்டத்தோடு வருகிறான். ஆட்சியாண்டு மாறுகிறது, விளக்கெரிக்க விடப்பட்ட ஆடுகளின் கணக்கு போன்ற தானச் செய்தி மாறுகிறது, பட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது. பாண்டிநாடெங்கும் இதே பட்டம் எத்தனையோ கற்களில் உண்டு. ஆனால் எந்தச் சோழனின் தலை என்று அந்தப் பட்டம் சொல்வதில்லை. வரலாற்றாசிரியர்கள் இன்றும் அதில் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. தலைகொண்டது என்பது அடிபணிய வைத்ததைத்தான் குறிக்கும் என்று கொள்வோரும் உண்டு. இன்னொரு நூறு கல்வெட்டுகள் அதே பட்டத்தோடு கிடைத்தாலும் இந்தக் கேள்வி ஓர் அங்குலம் நகராது, ஏனென்றால் அவை அனைத்தும் ஒரே அரசவை வழங்கிய ஒரே வாசகத்தின் படிகள். பெஸ்காரா கோலுக்கான பட்டியல்களும் இத்தகையவையே. நாள், களம், கணக்கு மூன்றும் எல்லாவற்றிலும் ஒரே வடிவில் ஒரே வரிசையில் வருவது அவை ஒரு மூலத்திலிருந்து இறங்கியவை என்பதற்கே சான்று. நேர்மையாகச் சொன்னால் இதே கத்தி மறுபக்கமும் வெட்டும்: சுந்தரராஜின் அடைமொழியும் ஒரு செய்தியிலிருந்து இன்னொரு செய்திக்குப் படியெடுக்கப்பட்டதே. ஆக இரு தரப்பிலும் நமக்கு மிஞ்சுவது ஆளுக்கொரு சாட்சி. கூட்டத்தைக் காட்டி எவரும் வெல்ல முடியாது.

ஒன்றுக்கு ஒன்று என்று ஆனபின் கேட்கவேண்டியது, எந்தப் பெயர் எந்தப் பெயராக மாறியிருக்கக்கூடும் என்பது. இரண்டு பாடங்களில் எளியது, பழகியது, எழுதுபவன் கை தானாகப் போகக்கூடியது எதுவோ அதையே பதிப்பாசிரியர் அதிகம் ஐயப்படுவார். அரிய பாடத்தை எளிய பாடமாக மாற்றுவது வழக்கம். எளியதை அரியதாக மாற்ற எவருக்கும் காரணம் இல்லை. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் மூவரும் அன்றைய இந்திய முன்களத்தின் மும்மூர்த்திகள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுத் தங்கம் அவர்கள் பெயரை இன்னும் உறுதியாக்கியது. சுந்தரராஜுக்கு அந்தப் புகழ் இல்லை. அவர் பெயர் கால்பந்து உலகில் ஊன்றியது 1973-இல் கேரளம் முதன்முதலாக சந்தோஷ் டிராபி வென்றபோது, அதுவும் பயிற்சியாளராக. ஹங்கேரி ஆட்டத்து வரியில் ‘பலராம்’ என்று எழுதிய கை, இரண்டு வரி கீழே அறியாத பெயர் ஒன்று வரும் இடத்தில், அல்லது பெயர் தெளிவில்லாத இடத்தில், மறுபடி ‘பலராம்’ என்று எழுதுவது மிக இயல்பு. பலராம் அடித்த கோலைப் பெயர் தெரியாத சுந்தரராஜ் மேல் ஏற்றிவைக்க 1960-களில் எவருக்கு என்ன தேவை இருந்திருக்கும்?

கோல்கள் புகழ்பெற்றவர்களை நோக்கி நகரும் என்பதற்கு இந்திய அணியின் பதிவேட்டிலேயே சான்று இருக்கிறது. பானர்ஜி 2020 மார்ச்சில் மறைந்தபோது வந்த அஞ்சலிகள் பலவற்றில் 84 ஆட்டங்கள், 65 கோல்கள் என்ற கணக்கு இருந்தது. நாட்டணிக்கும் நாட்டணிக்கும் நடந்த ஆட்டங்களை மட்டும் எண்ணும் தொகுப்புகளில் அவர் கணக்கு 45 ஆட்டங்களும் 15-ஐ ஒட்டிய கோல்களுமாகச் சுருங்குகிறது. நடுவில் ஐம்பது கோல்கள். சுற்றுப்பயணங்களில் கிளப்புகளோடும் மாகாண அணிகளோடும் ஆடிய ஆட்டங்களைச் சேர்ப்பதா விடுவதா என்பதே இவ்வளவு பெரிய இடைவெளிக்குப் பொருத்தமான விளக்கம். ஆனால் அந்தத் தாராளம் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே சுற்றுப்பயணங்களில் ஆடிய மற்றவர்களுக்கு அப்படி ஒரு பெருங்கணக்கை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டிசோசாவின் 1956 ஹாட்ரிக்கும் இந்த வகையில் நோக்கத்தக்கது. ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவரின் முதல் ஹாட்ரிக் என்ற பெருமை அவருக்கு உரியது, அதில் ஐயமில்லை. அந்தப் பெருமையின் நிழலில், இந்திய அணியின் 1938 ஆஸ்திரேலியப் பயணத்தில் அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக லம்ஸ்டன் என்ற ஆட்டக்காரர் அடித்த ஹாட்ரிக் மறைந்துபோகிறது. விடுதலைக்கு முந்தைய ஆட்டம் என்பதால் பலர் அவரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எந்த ஆட்டத்தை எண்ணுவது என்ற முடிவு முதலில் வருகிறது. தனிவீரர் சாதனை அதிலிருந்து பிறக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு வரும், அது நியாயமான மறுப்பும்கூட. மொத்தக் கணக்கு ஊதிப் பெருப்பது வேறு, குறிப்பிட்ட ஓர் ஆட்டத்தின் குறிப்பிட்ட ஒரு கோல் கைமாறுவது வேறு. பானர்ஜியின் 65-ஐக் காட்டி பெஸ்காராவை ஐயப்பட முடியாது என்பார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெஸ்காராவில் கைமாறுவதற்கான சூழலும் இருந்தது. மறு ஒளிபரப்பு கிடையாது. கோல் முகத்தில் நெருக்கடியில் கடைசியாகப் பந்தைத் தொட்டவர் யார் என்பதை மேடையில் இருந்த செய்தியாளர் சட்டை எண்ணைப் பார்த்து, கையில் இருந்த பட்டியலில் பெயர் தேடி எழுதவேண்டும். எதிரே இருப்பது அவருக்குப் பழக்கமில்லாத நாட்டின் அணி. அதில் தந்தை பெயர் முன்னால் வரும் ஆள், கிறிஸ்தவப் பெயர் முன்னால் வரும் ஆள், செல்லப்பெயரால் மட்டுமே அறியப்பட்ட ஆள் என்று கலந்து இருப்பார்கள். கிருஷ்ணசாமியும் கிட்டுவும் ஒருவரே என்று தெரியாத வெளிநாட்டுத் தொகுப்பாளருக்கு மெல்போர்னில் அவர் இரண்டு ஆட்டக்காரர்களாகத் தோன்றினால் வியப்பில்லை. பெஸ்காராவில் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்திருக்க இடம் இருந்தது என்பதே போதும், ஏனென்றால் எதிர்த்தரப்பு வாதம் முழுதும் நடந்திருக்க முடியாது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது.

இரண்டாவது மறுப்பு கடினமானது. ‘கடைசி கோல்’ என்ற பெருமை 1960-இல் பிறக்கவே முடியாது. அன்று அது தோற்ற ஆட்டத்தின் ஒரு கோல், அவ்வளவே. இந்தியா அடுத்தடுத்த ஒலிம்பிக்குகளில் தகுதி பெறாமல் போன பிறகுதான் அது கடைசி ஆனது. அப்படியானால் அந்த அடைமொழி பல ஆண்டுகள் கழித்து, நினைவு மங்கிய காலத்தில் உருவானது. பிந்திய சாட்சியை முந்திய பட்டியலோடு சமமாக வைக்கலாமா? அடைமொழி பிந்தியது என்பது உண்மை. ஆனால் அடைமொழி பிந்தியது என்பதால் அதற்குள் இருக்கும் செய்தியும் பிந்தியது ஆகிவிடாது. ‘பெருவுக்கு எதிராகக் கோல் அடித்தவர்’ என்பது முன்பே தெரிந்திருந்தால்தான் பின்னாளில் ‘கடைசியாக’ என்ற சொல் ஒருவர் மேல் வந்து அமரும். வெறும் நினைவுப் பிசகு என்றால், பிசகு எப்போதும் போகும் திசையில், பானர்ஜி மீதோ பலராம் மீதோ போயிருக்க வேண்டும். மேலும் அந்த அடைமொழி அச்சில் உலவிய காலமெல்லாம் அந்த அணியின் ஆட்டக்காரர்கள் பலர் உயிரோடு இருந்தார்கள். பானர்ஜியும் கோஸ்வாமியும் 2020 வரை, பலராம் 2023 பிப்ரவரி வரை. சக ஆட்டக்காரரைப் பற்றி வரும் பாராட்டை யாரும் மேடையேறி மறுப்பதில்லை என்பதால் இந்த மௌனத்துக்கு நான் பெரிய எடை தரவில்லை. சிறிய எடை உண்டு.

சுந்தரராஜ் தரப்பை ஒரே அடியில் வீழ்த்தக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைய ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் இல்லை. உலகக் கோப்பையிலேயே அது 1970-இல்தான் வந்தது. களமிறங்கிய பதினொருவரே கடைசிவரை ஆடினார்கள். ஆகவே பெஸ்காராவில் இறங்கிய பதினொருவரின் பெயர் நடுவரின் ஆட்ட அறிக்கையிலிருந்து உறுதியாகி, அதில் சுந்தரராஜ் இல்லை என்றால், மேலே சொன்ன அத்தனை வாதமும் அந்த நொடியே கீழே விழும். பலராம் இல்லை என்றால் மறுதரப்பு விழும். இருவரும் இருந்தால் கேள்வி இன்று இருக்கும் இடத்திலேயே இருக்கும். அணியின் பட்டியலில் பெயர் இருப்பதை வைத்து ஆட்டத்தில் இருந்தார் என்று எடுத்துக்கொள்வது இரு தரப்பும் செய்யும் சோம்பல்.

இந்த வழக்கில் தமிழ்ப் பெருமையை இழுக்கவேண்டியதில்லை, இழுத்தாலும் பயன் இல்லை. செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர்தான் பலராமும். கோல் இவருடையது ஆனாலும் அவருடையது ஆனாலும் தமிழ் வீட்டுப் பிள்ளையுடையதே. இதைச் சொல்வதன் காரணம், சுந்தரராஜுக்காக எழும் குரலை ஊர்ப்பாசம் என்று ஒதுக்கும் பழக்கம் இங்கே செல்லாது என்று காட்டத்தான். இருவரில் ஒருவர் இளம் வயதிலேயே உடல்நலம் கெட்டு ஆட்டத்தை விட்டவர், தனக்கு உரிய அங்கீகாரம் கிடைக்கவில்லை என்று கடைசிவரை வருந்தியவர். அவர் கணக்கிலிருந்து ஒரு ஒலிம்பிக் கோலைப் பிடுங்குவது எளிதான செயல் அல்ல. மற்றவருக்கு அந்த ஒரு கோலைத் தவிர ஒலிம்பிக் பதிவேட்டில் வேறு எதுவும் இல்லை. இரண்டு பேருக்கும் செய்யவேண்டிய மரியாதை, தெரியாததைத் தெரிந்ததுபோல அச்சிடாமல் இருப்பது.

என் சாய்வு, மிகச் சிறிய அளவில், அரிய பாடத்தின் பக்கம். ஆனால் சாய்வை வைத்து மூலத்தைத் திருத்தும் உரிமை பதிப்பாசிரியருக்கு இல்லை. பட்டியலில் பலராம் பெயர் அப்படியே இருக்கட்டும். அதே வரியில் ‘சுந்தரராஜ் எனவும் பாடம்’ என்ற குறிப்பு சேரட்டும். பலராமின் ஒலிம்பிக் கணக்கை ‘இரண்டு’ என்று மட்டும் எழுதாமல் ‘இரண்டு, ஒன்று ஐயத்துக்குரியது’ என்று எழுதலாம். தேடவேண்டிய இடங்களும் தெளிவாகவே இருக்கின்றன. இந்தியச் செய்தித்தாள்கள் அல்ல, அவை வெளிநாட்டுச் செய்தி நிறுவனத் தந்தியை நம்பியவை. மறுநாள், 1960 செப்டம்பர் 2 அன்று, பெஸ்காரா பகுதியில் வெளியான இத்தாலியத் தாள்கள் ஒன்று. லிமாவின் ‘எல் கொமெர்சியோ’ போன்ற பெரு நாட்டுத் தாள்கள் இன்னொன்று. தங்கள் அணி 3-1 என்று வென்ற ஆட்டத்தில், எதிரணியின் கோலை அடித்த இந்தியர் பலராமா சுந்தரராஜா என்பதில் லிமாச் செய்தியாளருக்கு எந்த அக்கறையும் இருந்திருக்காது. அதனாலேயே அவர் எழுதிய பெயர், எழுத்துப்பிழையோடு இருந்தாலும், இதுவரை நம் கையில் இருக்கும் இரண்டு சாட்சிகளையும்விட மேலான மூன்றாவது சாட்சி.