கிள்ளான் கடல் விளக்கும் இரவுப் பறவைகளும்

கலங்கரை விளக்கம் என்றால் வழிகாட்டும் ஒளி என்றே நம் மாணவர்கள் எழுதுவர். நாமும் சரி என்று குறியிடுவோம். கப்பலுக்கு அது சரிதான். பறவைக்கு?

கிள்ளான் துறைமுகத்திற்கு அப்பால், மலாக்கா நீரிணையில், பெர்மாத்தாங் செடெப்பா என்றொரு மணல்திட்டு உண்டு. மலாயில் 'டெப்பா' என்பது, இரு கைகளையும் விரித்த அளவு. நம் மீனவர் 'பாகம்' என்பர். 1874இல் அங்கே முதல் விளக்கம் எழுந்தது. 1907இலும் 1999இலும் புதியவை கட்டப்பட்டன.

வடக்கின் குளிருக்கு அஞ்சிவரும் சிறு பறவைகள் பல இந்நீரிணையை இரவில்தான் கடக்கின்றன. நிலவற்று, மேகம் தாழ்ந்த இரவுகளில் ஒளி அவற்றை ஈர்த்துவிடும். அதைச் சுற்றிச் சுற்றியே களைத்து விழும், மோதியும் மாளும். இவ்விளக்கத்தில் சிக்கிய பிட்டா முதலிய பறவைகள், ராபின்சன் இயக்குநராக இருந்த காலத்தில், கோலாலம்பூர் அருங்காட்சியகத்தாரின் ஆய்வுக்கு உதவின. நம் வானில் இரவில் எவை பறக்கின்றன என்னும் அறிவின் ஒரு பகுதி இத்தகைய உயிரிழப்பால் கிட்டியதே.

(அக்கட்டடத்தின் ஒரு சிறகு 1945இல் நேச நாட்டு விமானக் குண்டுக்கு இரையானது. பிரிக்பீல்ட்ஸை அடுத்த அவ்விடத்தில்தான் 1963இல் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதனையும் சொல்லலாம்.)

1960களில் நிலை சற்று மாறியது. பிரேசர் மலையில் மூடுபனி இரவுகளில் விளக்கொளியை நாடி வந்த பறவைகளை, லார்டு மெட்வே முதலிய ஆய்வாளர்கள் உயிருடன் பிடித்து, காலில் வளையமிட்டுப் பறக்கவிட்டனர்.

கடற்பறவைகளின் துன்பம் இதனினும் கொடிது. ஹவாயின் காவாய்த் தீவில் ஷியர்வாட்டர் குஞ்சுகள் மலை வளையிலிருந்து முதன்முறையாக இரவில் கடலுக்குப் பறக்கும். ஊர் விளக்குகளால் தடுமாறித் தெருவில் விழுந்தால், மீண்டும் எழும்ப இயலாது. நாய்க்கோ வாகனத்திற்கோ இரையாகும். அங்கே ஒரு பெரிய விடுதியின் விளக்குகளுக்கு, ஒளி மேலே சிதறாதவாறு, ஓர் இரவு விட்டு ஓர் இரவு மறைப்பிட்டுப் பார்த்தனர். மறைப்பிட்ட இரவுகளில் ஈர்க்கப்பட்ட பறவைகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தன. 1985இல் இம்முடிவு வெளிவந்தது. செலவோ வெறும் மூடிதான்!

நம் பள்ளித் திடல் விளக்குகளையும் கீழ்நோக்கித் திருப்பலாம். செப்டம்பர் முதல் நவம்பர் வரையும், மார்ச், ஏப்ரலிலும் ஆளில்லா மாடிகளின் விளக்குகளை இரவில் அணைக்கலாம். காலையில் நடைவழியில் பறவை விழுந்து கிடந்தால், நீர் புகட்ட வேண்டா. துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருளாக, அமைதியாக வைத்து, வனவிலங்குத் துறையினரை அழையுங்கள்.