பாலின பட்ஜெட் என்றால் என்ன? யார் யார் கைகோத்தால் அது வேலை செய்யும்?

மத்திய பட்ஜெட்னாலே வருமான வரி குறையுமா, தங்கம் விலை இறங்குமா என்பதுதான் பேச்சாக இருக்கும். ஆனால், அதே நாளில் ‘பாலின பட்ஜெட் அறிக்கை’ என்ற ஆவணமும் வெளியாகிறது. 2005-06 முதல் ஆண்டுதோறும் வரும் இந்த அறிக்கையில், 2025-26ஆம் ஆண்டுக்குக் காட்டப்பட்ட தொகை சுமார் 4.49 லட்சம் கோடி ரூபாய். மொத்த பட்ஜெட்டில் 8.86 சதவீதம். முந்தைய ஆண்டில் இது 6.8 சதவீதமாக இருந்தது.

பெண்களுக்கென்று தனி பட்ஜெட்டா?

இல்லை. போடப்படும் பட்ஜெட்டில் பெண்களுக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று பிரித்துக் காட்டும் கணக்கு இது. முழுக்க பெண்களுக்கான திட்டங்கள் ‘ஏ’ பகுதியிலும், 30 முதல் 99 சதவீதம் வரை பெண்களுக்கானவை ‘பி’ பகுதியிலும், 30 சதவீதத்துக்குக் கீழ் உள்ளவை ‘சி’ பகுதியிலும் வரும்.

தொகை கூடியதெல்லாம் புதுப் பணம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. கணக்குக் காட்டிய அமைச்சகங்கள், துறைகளின் எண்ணிக்கையே 38இலிருந்து 49ஆக உயர்ந்திருக்கிறது.

யாருக்கு என்ன வேலை?

* நிதி அமைச்சகம்: பணம் கேட்டு வரும் துறைகளிடம், ‘இதில் பெண்களுக்கு என்ன?’ என்று கேட்க வேண்டிய இடம் இதுதான்.
* மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம்: ஒருங்கிணைப்பதும் பயிற்சி தருவதும் இதன் பொறுப்பு. மற்ற துறைகளின் பணப்பை இதன் கையில் இல்லை.
* மற்ற துறைகள்: ஒவ்வொன்றிலும் பாலின பட்ஜெட் பிரிவு இருக்க வேண்டும். அதன் பணிகள் என்னென்ன என்று நிதி அமைச்சகம் 2007இல் வரையறுத்தது.
* புள்ளியியல் துறை: பயனாளிகளை ஆண், பெண் என்று பிரித்துச் சொல்லும் தரவு இல்லாவிட்டால், அறிக்கையில் உள்ள சதவீதம் வெறும் யூகம்தான்.
* நாடாளுமன்றம், தணிக்கைத் துறை: ஒதுக்கிய பணம் செலவானதா, பலன் கிடைத்ததா என்று கேட்பது இவர்கள் வேலை.

சிக்கல் எங்கே?

பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தைப் பாருங்கள். இதன் ஒதுக்கீடு பல ஆண்டுகளாக ‘ஏ’ பகுதியில், அதாவது நூறு சதவீதம் பெண்களுக்கானதாகக் காட்டப்பட்டது. ஆனால், கணவன், மனைவி இருவர் பெயரிலும் வீடு ஒதுக்க விதிகளில் இடம் இருக்கிறது. அப்போது முழுத் தொகையையும் பெண்கள் கணக்கில் எழுதுவது சரியா என்ற கேள்வி வருகிறது. துறை எழுதிக் கொடுப்பதை வேறு யாரும் சரிபார்க்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

இன்னொன்று, 2013இல் அறிவிக்கப்பட்ட நிர்பயா நிதி. பணத்தை வைத்திருப்பது நிதி அமைச்சகம். திட்டங்களைப் பரிசீலிப்பது மகளிர் அமைச்சகம் தலைமையிலான குழு. செயல்படுத்துவதோ உள்துறை, ரயில்வே, மாநில அரசுகள். இத்தனை கைகள் மாறியதில், தொடக்க ஆண்டுகளில் பெரும்பகுதி செலவாகாமலே கிடந்தது. பெண்களின் பாதுகாப்புக்கென ஒதுக்கிய பணம் கஜானாவில் தூங்கினால், அறிக்கையில் எவ்வளவு பெரிய தொகை இருந்து என்ன பயன்?

சரியாக நடந்தால் எப்படி இருக்கும்?

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் ஓர் உதாரணம். பேருந்தை ஓட்டுவது போக்குவரத்துக் கழகங்கள், செலவை ஈடுகட்டுவது மாநில அரசு. பெண்களுக்குக் கட்டணமில்லா டிக்கெட் கொடுக்கப்படுவதால் எத்தனை பயணம் என்ற கணக்கும் இருக்கிறது. மாநிலத் திட்டக் குழு தனியாக ஆய்வு செய்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று கண்டறிந்தது. செலவு ஒரு பக்கம், பலன் ஒரு பக்கம் என்று இரண்டும் எண்ணிக்கையாகத் தெரிகிறது.

மற்ற நாடுகளில்?

இந்த முறையை 1984இல் முதலில் தொடங்கியது ஆஸ்திரேலியா. தென் கொரியா இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. அங்கே பட்ஜெட்டோடு ஓர் அறிக்கை, பணம் செலவான பிறகு இன்னோர் அறிக்கை என்று இரண்டையும் நாடாளுமன்றத்தில் கொடுத்தாக வேண்டும்.

இந்தியாவில் இல்லாதது அந்த இரண்டாவது அறிக்கைதான். எவ்வளவு பணம் என்று தெரிகிறது, அதனால் பெண்களுக்கு என்ன கிடைத்தது என்பது அறிக்கையில் இல்லை. எனவே அடுத்த பட்ஜெட்டில் ‘பெண்களுக்கு இத்தனை லட்சம் கோடி’ என்று தலைப்புச் செய்தி வந்தால், போன வருடப் பணம் என்ன ஆச்சு என்று முதலில் கேட்க வேண்டும்.