போலிக் காசும் பொய்ச் சான்றும்

நாணயம் என்னும் சொல் தமிழில் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். நேர்மையற்ற காசு காசே அன்று என்பதை நம் மொழி வழக்கே உணர்த்துகிறது. ஆயினும், பழங்காசுகளுக்குப் பெருவிலை கிடைக்கும் இந்நாளில், நாணயமற்ற நாணயங்களும் பெருகிவிட்டன. அவற்றை இனங்காணும் வழிகளை ஈண்டுச் சிறிது காண்போம்.

பெங்களூரில் வாழும் தமிழன்பர்களுக்குப் பழங்காசு புதியதன்று. யசுவந்தபுரத்தில் 1891இல் 163 உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. திப்பு சுல்தான் காலத்தில் இந்நகரிலேயே ஓர் அக்கசாலை இருந்தது. சீரங்கப்பட்டினம், நகர், கள்ளிக்கோட்டை முதலிய ஊர்களிலும், நம் சத்தியமங்கலத்திலும் அவர் காசு அடித்தார். இரட்டைப் பைசாவுக்கு வியாழனின் பெயரால் ‘முஷ்தரி’ என்றும், பைசாவுக்கு வெள்ளியின் பெயரால் ‘சோஹ்ரா’ என்றும் பெயரிட்டார். சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹெண்டர்சன் 1921இல் வெளியிட்ட நூல், ஹைதர், திப்பு ஆகியோர் காசுகளை ஆராய்வோர்க்கு இன்றும் துணையாக உள்ளது.

திப்புவின் செப்புக் காசுகளில் யானை உருவம் காணப்படும். யானை நோக்கும் திசை, அக்கசாலையின் பெயர், ஆண்டு ஆகியவற்றால் வகைகள் பலவாகும். அரிய வகைக்கு விலை மிகுதி. போலி பிறப்பதும் அங்கேதான்.

போலி செய்தல் பழந்தொழில். செர்மானியராகிய பெக்கர் (1772–1830) பண்டைக் கிரேக்க, உரோமக் காசுகளைப் போலச் செய்தார். இரும்புத் தூள் நிறைந்த பெட்டியில் அவற்றை இட்டு, வண்டியின் அடியில் கட்டி ஓட்டித் தேய்ந்த தோற்றம் வரச் செய்தார் என்பர். எனவே, தேய்மானம் மட்டும் பழமைக்குச் சான்றாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் தெருவோரக் கடையொன்றில் யானைக் காசு ஒன்றை மகிழ்ச்சியோடு வாங்கினேன். அதன் விளிம்பில் ஒரு வெடிப்பும், யானையின் முதுகில் ஒரு பள்ளமும் இருந்தன. மறு மாதம் வேறொரு கடையில் அதே வெடிப்பும் அதே பள்ளமும் கொண்ட காசுகள் மூன்றைக் கண்டேன்! சம்மட்டியால் கையால் அடித்த காசுகள் இரண்டு, ஒரே அச்சில் பிறந்தாலும், வெடிப்பிலும் பள்ளத்திலும் ஒத்திரா. ஒத்திருப்பின் அவை ஒரே வார்ப்பில் பிறந்தவை. என் மகிழ்ச்சி அன்றே தீர்ந்தது. கல்வி அன்று தொடங்கியது.

வார்ப்புக் காசில் எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் நுண்துளைகள் தெரியும். விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடு ஓடக்கூடும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால், மூலக்காசினும் சற்றே சிறுத்திருக்கும்.

அடுத்தது எடை. காசைக் காற்றில் நிறுத்து, பின் நூலில் கட்டி நீருள் அமிழ்த்தி நிறுக்க வேண்டும். காற்றில் உள்ள எடையை, நீரில் குறைந்த எடையால் வகுத்தால் வருவது ஒப்படர்த்தி. தூய தங்கத்துக்கு அது 19.3, வெள்ளிக்கு 10.5, செம்புக்கு ஏறத்தாழ 8.9. பொன் என்று சொல்லப்படும் காசு இவ்வளவினும் மிகக் குறைந்தால் ஐயுறுக.

மூன்றாவது ஆண்டு. திப்பு முதலில் இசுலாமிய ஹிஜிரி ஆண்டையே பொறித்தார். 1787ஐ ஒட்டி மவ்லூதி என்னும் புதிய கணக்கைப் புகுத்தி, எண்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். ஆகவே 1215 என்பது 5121 போலத் தோன்றும். இம்முறை அறியாத போலியாளன் இங்கே தவறுவான். அண்மைக் காலக் காசிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் அரியது. 1938இன் எட்டை ஒன்பதாகத் திருத்தி விற்போர் உளர். கடைசி எண்ணைச் சுற்றியுள்ள பரப்பில் கீறல் உண்டா என்று நோக்குக.

போலியால் கைப்பொருள் இழப்பது ஒருவர்க்கு நேரும் நட்டம். ஆனால், காசு வரலாற்றின் சாட்சி. இல்லாத அக்கசாலையையும் நிகழாத ஆண்டையும் கூறும் காசு நூலேறிவிட்டால், அப்பிழை தலைமுறைகளுக்கும் தொடரும். நிலத்தில் புதையல் கண்டால் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்கு அறிவிப்பது கடமை. அவ்வாறு அறிவித்த காசுக்குக் கிடைத்த இடமும் நாளும் பதிவாகின்றன. அதனினும் சிறந்த நற்சான்று வேறில்லை.

காசைச் சேர்ப்பதற்கு முன் கல்வியைச் சேர்ப்போம். அருங்காட்சியகத்தில் உண்மைக் காசுகளைப் பலகாலும் கண்டு பழகிய கண்ணுக்குப் போலி தானே புலப்படும்.