ஒரு திரை, ஒரு விளக்கு, ஒரு குரல்

குண்டாறு வெறும் மணலாய்க் கிடந்த ஒரு கோடையில், திருச்சுழியை அடுத்த சிற்றூரில், சிறுவனாயிருந்த நான் தோல்பாவைக் கூத்துக் கண்டேன். இராமர் பட்டாபிசேகம் ஆடினால் மழை இறங்கும் என்பது அக்கரிசல் மக்களின் நம்பிக்கை. வெள்ளைத் திரை, பின்னே ஒரு விளக்கு, ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகள். இராமனுக்கும் சீதைக்கும் இராவணனுக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே. வீட்டில் மராத்தி பேசும் அக்கலைஞர் திரைக்குப் பின்னே தமிழில் அழுதார்.

2008-இல் பெர்லின் திரைப்பட விழாவில் வெளியான ஓர் அனிமேஷன் திரைப்படம் அவரை நினைவூட்டுகிறது. ‘சீதா சிங்ஸ் த புளூஸ்’ என்னும் அந்த 82 நிமிடப் படத்தை, அமெரிக்கரான நீனா பேலி தம் வீட்டுக் கணினியில் பெரும்பாலும் தனி ஒருவராகவே உருவாக்கினார். கணவர் பணிபுரிந்த திருவனந்தபுரத்துக்குச் சென்றபோது அவர் இராமாயணத்தை அறிந்தார். பின்னர்க் கணவர் மின்னஞ்சல் வழியே உறவை முறித்துக்கொள்ள, கைவிடப்பட்ட சீதையில் தம்மையே கண்டார். நிழற்பாவைகள் கதை சொல்ல, இராசபுத்திர ஓவியப் பாணியில் மாந்தர் உரையாட, 1920-களின் பாடகி ஆனெட் ஹான்ஷாவின் ஜாஸ் குரலில் சீதை பாடுகிறாள்.

இக்கலப்பை இந்து அமைப்புகள் சில எதிர்த்தன. பிறர் வணங்குவதைக் கையில் எடுப்போர் அவ்வருத்தத்திற்குச் செவிசாய்க்கத்தான் வேண்டும். ஆயினும் கலத்தலே குற்றமென்று நாம் கூற இயலுமா? இத்தாலியரான வீரமாமுனிவர், சூசையப்பரின் வாழ்வைத் ‘தேம்பாவணி’யாகப் பாடியபோது, யூதேயாவைத் தமிழ்க் காப்பிய மரபின்படி நாட்டு வளமும் நகர வளமுமாக அன்றோ வருணித்தார்! ஒரு மரபின் முன் பணிந்து, தன் உள்ளத்து உண்மையைக் கொணர்பவர் அம்மரபைக் குலைப்பதில்லை.

படத்திற்கு வேறொரு தடையும் எழுந்தது. அப்பழம் பாடல்களின் உரிமை நிறுவனங்களின் கையில் இருந்தது. 50,000 டாலர் கடன்பட்டு அனுமதி பெற்ற பேலி, 2009-இல் படத்தை இணையத்தில் எவரும் இலவசமாகக் காணவும் பகிரவும் விட்டார். 2013-இல் எஞ்சிய தம் உரிமையையும் துறந்தார்.

எங்கள் கூத்துக்காரரும் கதைக்கு உரிமை கோரவில்லை. மக்கள் அளந்த கம்பைப் பெற்றுக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தார். கதை எல்லார்க்கும் பொது. கதை சொல்பவரின் பசியோ அவருக்கு மட்டுமே உரியதாகிவிடுகிறது. திருவிழா இரவுகளில் ஒலிபெருக்கிக்கும் மின்விளக்குக்கும் தாராளமாய்ச் செலவிடும் நாம், ஓர் இரவையேனும் ஒரு பாவைக் கலைஞருக்கு ஒதுக்குவோமா?